மரியாதைச் சுவர்

சிகாகோ என்ற பெயரைச் சொன்னதும் நம்மில் பெரும்பாலோருக்கு விவேகானந்தருடைய ஞாபகம்தான் வரும். 1893-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 11-ஆம் தேதி, சர்வமத மகாசபையின் மேடையில் நின்று, அந்த இளம் சந்நியாசி கூடியிருந்தவர்களைச் சகோதரிகள், சகோதரர்கள் என்று அழைத்தார். சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பள்ளிக்கூட நாட்களில் இந்தக் கதையைப் படிக்காதவர்கள் நம்மில் யார் இருக்கிறார்கள்? அவரை அங்கே அனுப்பி வைப்பதற்காகச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்த அன்பர்களைப் பற்றியும் நாம் பெருமையோடு பேசிக்கொள்கிறோம்.

அந்த மகாசபை, பெரியதோர் உலகப் பொருட்காட்சியின் அங்கமாக நடந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து 400 வருஷங்கள் ஆனதைக் கொண்டாடுவதற்காக ஏற்பட்ட பொருட்காட்சி அது. அதன் முக்கியமான கட்டடங்களெல்லாம் வெள்ளை வெளேரென்று பூசப்பட்டிருந்தபடியால் 'வெள்ளை நகரம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டுக் கசப்போடு சிரித்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பு மக்களுக்குப் பொருட்காட்சியின் நிர்வாகத்தில் இடமில்லை. அவர்களுடைய உழைப்பையும் சாதனையையும் எடுத்துக்காட்ட ஓர் அரங்கமும் இல்லை. ஐடா வெல்ஸ் என்ற 31 வயதுப் பத்திரிகைக்காரப் பெண்மணி, எங்களை ஏன் இங்கே காணோம் என்று கேட்டு ஒரு சிறு புத்தகம் தயாரித்தார். அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, மாபெரும் பேச்சாளராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ் அதற்கு முன்னுரை எழுதினார். பொருட்காட்சியில் அவருக்கு உட்கார ஓர் இடம் இருந்ததென்றால், அது கறுப்பர்களின் குடியரசான ஹெய்ட்டி, தன்னுடைய மண்டபத்தின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருந்ததால்தான். அந்தப் புத்தகத்தை அங்கே வைத்துத்தான் விநியோகித்தார்கள்.

சகோதரர்களே என்ற அழைப்புக்குக் கைதட்டிய ஊரும், சொந்தச் சகோதரர்களை வாசலில் நிறுத்திய ஊரும் ஒரே ஊர்தான். நான் சொல்ல வந்த கதை அதற்கு 74 வருஷங்கள் கழித்து, அந்த ஊரின் ஒரு தெருமுனையில் நடந்தது. யாரைக் காட்சியில் வைப்பது, யார் வைப்பது என்ற அதே பழைய கேள்விதான் அதிலும் இருக்கிறது. இந்தத் தடவை ஜனங்கள் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. தங்களுக்கு அகப்பட்ட ஒரு சுவரை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் அந்தத் தெருவுக்கு அவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை சட்டப்படி 1865-இல் ஒழிந்தது. ஆனால் பருத்திக் காட்டில் குத்தகைக் கடனும், தனிப் பள்ளிக்கூடம், தனி ரயில் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் என்ற ஒதுக்கலும், கும்பல் கூடி மரத்தில் தொங்கவிடும் கொடுமையும் ஒழியவில்லை. முதல் மகாயுத்த காலத்தில் வடக்கு நகரங்களின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பு மக்களின் பத்திரிகை, வடக்கே வாருங்கள் என்று கூவி அழைத்தது. ரயில் பெட்டிகளில் பணியாளர்களாக இருந்த கறுப்பர்கள் அந்தப் பத்திரிகைக் கட்டுகளைத் தெற்கே கொண்டுபோய்க் கைமாற்றினார்கள். அன்று தொடங்கி 1970 வரையில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் தெற்கை விட்டுப் புறப்பட்டார்கள். 1910-இல் சிகாகோவில் 44 ஆயிரமாக இருந்த கறுப்பு மக்களின் தொகை 1960-இல் 8 லட்சத்து 12 ஆயிரமாக ஆயிற்று.

வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நகரத்தின் தெற்குப் பகுதியில் ஒரு குறுகலான வட்டாரத்துக்குள் அவர்களை அடைத்தார்கள். அதற்கு வெளியே இருந்த வீட்டுக்காரர்கள், 'கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை' என்று தங்களுக்குள் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொண்டார்கள். அப்படிப்பட்ட பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல் நடத்தக்கூடாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்தான்.

சிகாகோவின் கறுப்பு மக்களுடைய சரித்திரத்தைப் புரட்டும்போது மீண்டும் மீண்டும் ஒரு கல் பறந்து வருவதைப் பார்க்கிறேன். 1919-ஆம் வருஷம் ஜூலை 27-ஆம் தேதி, வெயில் தாங்காமல் ஏரியில் நீந்திக்கொண்டிருந்த யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன், கண்ணுக்குத் தெரியாத நிறக்கோட்டைத் தண்ணீரில் தாண்டிவிட்டான் என்பதற்காகக் கரையிலிருந்து கல் வீசப்பட்டது. பையன் மூழ்கிப் போனான். எறிந்தவனைப் போலீஸ்காரர் கைது செய்ய மறுத்ததில் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பர்கள். 1937-இல் ஹான்ஸ்பெரி என்பவர் துணிந்து வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனார். கும்பல் எறிந்த செங்கல் அவருடைய சின்ன மகளின் தலையை மயிரிழையில் தவறிற்று. அந்தச் சிறுமி லொரேன் வளர்ந்து, அத்தகைய ஒரு குடும்பத்தின் கதையை நாடகமாக எழுதி, 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏற்றினாள். பிறகு 1966 ஆகஸ்ட் மாதம் 5-ஆம் தேதி. வீட்டு விஷயத்தில் நியாயம் கேட்டு மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் ஊர்வலம் போனபோது அவர் தலையிலும் கல் விழுந்தது. தெற்கில்கூடத் தாம் இத்தனை வெறுப்பைக் கண்டதில்லை என்றார் அவர்.

அடுத்த வருஷக் கோடையில் தேசம் முழுவதும் தீப்பிடித்துக்கொண்டது. 1967 ஜூலையில் நியூவார்க் நகரத்தில் 26 உயிர்கள். டெட்ராய்ட்டில் 43 உயிர்கள். இந்தப் புகை அடங்குவதற்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்தில், சிகாகோவின் தெற்குப் பகுதியில் 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் மூலையில், பழைய இரண்டடுக்குக் கட்டடம் ஒன்றின் முன்னால் சில ஆண்களும் பெண்களும் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் வர்ண டப்பாக்கள் இருந்தன.

அந்த வருஷம்தான் சிகாகோவில் எழுத்தாளர்கள், ஓவியர்கள், அறிஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு பண்பாட்டுக் கழகம் தொடங்கியிருந்தார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து 'ஒபாசி' என்று உச்சரித்தார்கள். ஆப்பிரிக்காவின் யொரூபா மொழியில் 'ஒபா' என்றால் அரசன். அந்த ஒலி பெயரிலே இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கழகத்தின் ஓவியப் பிரிவு, எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போது வில்லியம் வாக்கர் என்ற ஓவியர், 43-ஆம் தெருவில் ஒரு சுவரில் சித்திரம் தீட்டத் தாம் எண்ணியிருப்பதாகவும், எல்லோருமே அங்கே வந்தால் என்ன என்றும் கேட்டார். வாக்கர் 1927-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேவை செய்தவர். முறையாக ஓவியம் பயின்றவர். சித்திரசாலையின் படியை ஏறாத ஜனங்களிடம் சித்திரம்தான் இறங்கிப் போகவேண்டும் என்பது அவருடைய கட்சி.

சுவர் கிடைத்துவிட்டது. என்ன வரைவது?

ஓவியர்கள் அதிகம் நேரம் செலவழித்தது இந்தக் கேள்வியில்தான். அதுவரை அவர்களுடைய மக்களைச் சித்திரித்தவர்கள் பெரும்பாலும் இரண்டே கோலங்களில் சித்திரித்திருந்தார்கள்: ஒன்று, பல்லைக் காட்டிச் சிரிக்கும் வேலைக்காரன், மற்றொன்று, அடிபட்டுக் கிடக்கும் பரிதாப ஜீவன். முதலாவது ஏளனம், இரண்டாவது இரக்கம். இரக்கத்தோடு வரைந்தவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் பார்க்கிறவன் மேலே நிற்கிறான், பார்க்கப்படுகிறவன் கீழே கிடக்கிறான் என்பதில் இரண்டு சித்திரங்களுக்கும் பேதமில்லை. ஆகவே தங்கள் சுவரில் கண்ணீரும் வேண்டாம், கூழைச் சிரிப்பும் வேண்டாம். நாங்கள் யாரை அண்ணாந்து பார்க்கிறோமோ அவர்களை வரைகிறோம் என்று முடிவு செய்தார்கள்.

சும்மா புகழ் பெற்றிருந்தால் போதாது. தன் மக்களுடைய வாழ்வின் அழகை உண்மையாக வெளியிட்டவராக இருக்கவேண்டும். பணத்துக்காகத் தன் ஜனங்களைக் கைவிடாதவராக இருக்கவேண்டும். பிறர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சாமல் தன் வழியில் நடந்தவராக இருக்கவேண்டும். இந்தத் தராசில் நிறுத்து 50-க்கும் மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் சுட்டுக் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸ், அறிஞர் டூ பாய்ஸ், மார்க்கஸ் கார்வி. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். பாடகிகள் பில்லி ஹாலிடே, நீனா சிமோன், அரீத்தா ஃபிராங்க்லின். ஜாஸ் மேதைகள் சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க், அதற்கு முந்திய மாதம்தான் காலமாகியிருந்த ஜான் கோல்ட்ரேன். கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸல் — இப்படிப் போகிறது வரிசை. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியும் உண்டு. வியட்நாம் யுத்தத்துக்குப் போகமாட்டேன் என்று அவர் மறுத்து, சாம்பியன் பட்டத்தைப் பறிகொடுத்து, நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றது அந்த வருஷம் ஏப்ரலிலும் ஜூனிலும்தான். சர்க்கார் குற்றவாளி என்று தீர்ப்பளித்த இரண்டே மாதத்தில் 43-ஆம் தெரு அவரை வீரர் என்று வரைந்தது.

விசித்திரமான ஒரு விஷயம், கிங் அந்த வரிசையில் இல்லை. போன வருஷம் அதே நகரத்தில் கல்லடிபட்டவரை எப்படி விட்டார்கள் என்று நமக்குத் தோன்றும். அந்த இளைஞர்களின் மனம் அப்போது அஹிம்சையை விட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவர்கள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஊருக்குப் பெரியவர் யார் என்பதை ஊராரே தீர்மானிக்கிறபோது அந்தத் தீர்ப்பு நம் அபிப்பிராயத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாதல்லவா?

வேலை நடந்த விதமும் அழகானது. சில்வியா அபெர்நாதி என்ற பெண்மணி சுவர் முழுவதற்கும் திட்டம் போட்டார். ஜன்னல்களும் இடைவெளிகளும் கொண்ட அந்தச் சுவரை அதன் அமைப்பை ஒட்டியே பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு எந்த வர்ணம் என்பதையும் வகுத்தார். அரசியல் தலைவர்கள் நார்மன் பாரிஷின் பங்கு. சமயம் வாக்கரின் பங்கு. இலக்கியம் எட்வர்ட் கிறிஸ்ட்மஸ். நாடகம் பார்பரா ஜோன்ஸ். விளையாட்டு மிர்னா வீவர். ஜாஸ் சங்கீதம் ஜெஃப் டொனால்ட்சனும் எலியட் ஹண்டரும். ஜனரஞ்சகமான பாட்டுக்காரர்கள் வாட்ஸ்வொர்த் ஜாரெல். பக்கத்திலிருந்த பத்திரிகைக் கடையைக்கூட விடவில்லை. காரலின் லாரன்ஸ் அதன்மேல் நடனத்தைத் தீட்டினார். வர்ணச் சித்திரங்களுக்கு நடுவே ராபர்ட் செங்ஸ்டாக், ராய் லூயிஸ் முதலியோர் எடுத்த புகைப்படங்களைப் பதித்தார்கள். யாரும் தன் பெயரைச் சுவரில் எழுதிக்கொள்வதில்லை என்று ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார்கள். கலைஞர்கள் கூடிய இடத்தில் இப்படி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டதே பெரிய அதிசயம். அது நீடித்ததா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை நடக்க நடக்கத் தெரு ஜனங்கள் கூடிவிட்டார்கள். தாத்தாக்கள் நின்று, அது இன்னார், இது இன்னார் என்று பேரக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். அந்த ஆளை ஏன் போடவில்லை என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. சுவருக்கு முன்னால் கவிஞர்கள் கவிதை வாசித்தார்கள், வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். சுவருக்கு 'மரியாதைச் சுவர்' என்று பெயர் வைத்தார்கள்.

சுவர்ச் சித்திரம் உலகத்துக்குப் புதிதல்ல. 1920-களில் மெக்ஸிகோவில் ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் என்ற மூன்று பெரியவர்கள் அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களில் விவசாயியையும் தொழிலாளியையும் தீட்டிப் புகழ் பெற்றார்கள். அமெரிக்காவிலும் 1930-களின் பஞ்ச காலத்தில் சர்க்கார் கூலி கொடுத்துத் தபாலாபீஸ் சுவர்களில் சித்திரம் எழுதச் செய்தது. அங்கெல்லாம் சுவர் சர்க்காருடையது, உத்தரவும் சர்க்காருடையது. 43-ஆம் தெருவில் உத்தரவு கொடுத்தவரும் இல்லை, கூலி கொடுத்தவரும் இல்லை.

அந்த வித்தியாசம் எத்தகையது என்பதை, அதே மாதத்தில் அதே நகரத்தில் நடந்த இன்னொரு வைபவம் எடுத்துக்காட்டுகிறது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி, நகரின் மத்தியிலே, மேயர் டேலி ஒரு பிரம்மாண்டமான சிற்பத்தைத் திறந்து வைத்தார். உலகப் புகழ் பெற்ற பிக்காஸோ அமைத்துக் கொடுத்தது. 50 அடி உயரம், 162 டன் எஃகு. அது பெண்ணின் முகமா, குரங்கா, நாயா என்று ஜனங்கள் தலையைச் சொறிந்துகொண்டார்கள். பிக்காஸோ சிகாகோவைப் பார்த்ததே இல்லை. அமெரிக்க மண்ணையே மிதித்ததில்லை. அந்த விழாவில் கவிதை வாசிக்க அழைக்கப்பட்டவர் க்வெண்டலின் புரூக்ஸ். 1950-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். சிகாகோவின் தெற்குப் பகுதியிலேயே வளர்ந்து, அதன் அடுக்களைகளையும் மாடிப்படிகளையும் பாடியவர்.

பன்னிரண்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 27-ஆம் தேதி, அதே புரூக்ஸ் ஐந்தாறு மைல் தெற்கே வந்து, மரியாதைச் சுவரின் முன்னால் நின்று வேறொரு கவிதை வாசித்தார். 1968-இல் வெளியான தம் தொகுதியில் இரண்டு கவிதைகளையும் அடுத்தடுத்துச் சேர்த்திருக்கிறார். முதல் விழாவில் அவர் மரியாதைக்குரிய விருந்தாளி. இரண்டாவது விழாவில் அவர் வீட்டு மனுஷி. எழுத்தாளர்களின் வரிசையில் அவருடைய முகமே சுவரில் இருந்தது. நானும் ஒரு எழுத்துக்காரன் என்பதால் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கிறேன். பரிசுகள் கிடைப்பது சந்தோஷம்தான். ஆனால் தான் எழுதிய தெருவே தன்னைச் சுவரில் எழுதிக்கொள்வது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற பெரியவர் ஒருவரை மனத்தில் வைத்து நான் ஒரு சிறுகதை எழுதினேன். மிகுந்த அனுதாபத்தோடு எழுதியதாகத்தான் எனக்கு நினைப்பு. அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறவன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் வந்தான். "கதை நல்லாத்தான் இருக்கு, சார். ஆனா எங்கப்பா யார் முன்னாலேயும் இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு நின்னதில்லே" என்றான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் எப்படி நின்றார் என்பதை நான் பார்த்திருக்கவே இல்லை. ஏழை என்றால் இப்படித்தான் நிற்பான் என்று எண்ணிக்கொண்டு எழுதிவிட்டேன். சிகாகோ ஓவியர்கள் கண்ணீரும் வேண்டாம் என்று ஏன் சொன்னார்கள் என்பதைப் படித்தபோது அந்தப் பையனுடைய முகம்தான் என் முன்னால் நின்றது.

இதோடு கதையை முடித்துவிட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் சரித்திரம் அவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்வதில்லை.

முதல் சங்கடம் வாக்கரின் பகுதியிலேயே வந்தது. அவர் கறுப்பு முஸ்லிம்களின் தலைவரான எலைஜா முகம்மதுவை வரைந்திருந்தார். அவரை விட்டுப் பிரிந்த மால்கம் எக்ஸும் அதே சுவரில் இருப்பதை அந்த இயக்கத்தார் ஆட்சேபித்தார்கள். வாக்கர் எலைஜாவின் உருவத்தை அழித்துவிட்டு, 1831-இல் அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்து தூக்கிலேறிய நாட் டர்னரை அந்த இடத்தில் தீட்டினார். அது அவருடைய சொந்தக் கைவேலை. அழித்தவரும் அவரே, எழுதியவரும் அவரே.

இரண்டாவது அப்படியல்ல. நார்மன் பாரிஷ் எழுதிய அரசியல் தலைவர்களின் பகுதியை, வாக்கர் முன்னின்று வெள்ளையடிக்கச் செய்தார். யூஜீன் எடா வேட் என்ற ஓவியர் அந்த இடத்தில் புதிதாக எழுதினார். உயர்த்திய முஷ்டிகளோடு, இன்னும் ஆவேசமாக. தெரு ஜனங்களுக்குப் பழைய சித்திரம் திருப்தியாக இல்லை என்பது வாக்கர் சொன்ன சமாதானம். கூட உழைத்த மற்றவர்கள் இதைக் கேட்டுத் திகைத்துப் போனார்கள். டொனால்ட்சன் முதலியோர் மனம் கசந்தார்கள். சுவரின் பெருமை யாருக்குச் சேரவேண்டும் என்ற தகராறும் கூடவே எழுந்தது. பெயர் போடுவதில்லை என்ற ஒப்பந்தம், சுவரில் காப்பாற்றப்பட்டாலும் மனங்களில் காப்பாற்றப்படவில்லை. சீக்கிரத்திலேயே அந்த ஓவியப் பிரிவு கலைந்தது.

மரியாதைக்காக எழுப்பிய சுவரிலே ஒரு சக ஓவியனுக்கு மரியாதை கிடைக்கவில்லை. இதை மூடி மறைப்பதற்கில்லை. ஆனால் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதும் எளிதல்ல. சுவர் ஓவியர்களுடையது என்றால், பாரிஷின் சித்திரத்தைத் தொட ஒருவருக்கும் உரிமை இல்லை. சுவர் தெருவுடையது என்றால், பிடிக்காததை மாற்றச் சொல்லத் தெருவுக்கு உரிமை உண்டு. அப்படியானால் தெரு என்பது யார்? எந்த நாளில், எந்தக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது? தெருவின் பெயரால் பேசுகிறவர் உண்மையிலே தெருவுக்காகப் பேசுகிறாரா, தமக்காகப் பேசுகிறாரா? பொதுச் சொத்தை உண்டாக்குகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. பாரிஷிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. என் கதையைப் படித்துவிட்டு வந்த பையன் அந்த மரியாதையை எனக்குக் காட்டினான். நேரே வந்து முகத்துக்கு முகம் சொன்னான்.

ஓவியர்கள் பிரிந்தாலும் தெரு சுவரை விடவில்லை. நகரப் புனரமைப்பு என்ற பெயரில் அந்த வட்டாரத்தை இடிக்கத் திட்டம் வந்தபோது ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். 1969-இல் வாக்கரும் எடாவும் எதிர்ப்புறக் கட்டடத்தில், தெரு ஜனங்களையும் கூட்டிக்கொண்டு, 'சத்தியச் சுவர்' என்று மற்றொன்றைத் தீட்டினார்கள். முதல் சுவர் 1971-இல் தீக்கு இரையாயிற்று. பிறகு கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். நாலைந்து வருஷங்கள்தாம் அதன் ஆயுள். நான் அதைப் பார்த்ததில்லை. இனி யாரும் பார்க்கப் போவதுமில்லை. புகைப்படங்கள்தாம் மிஞ்சியிருக்கின்றன.

ஆனால் அதற்குள் விதை காற்றில் பரவிவிட்டது. 1968-இல் வாக்கர் முதலியோர் டெட்ராய்ட்டுக்குப் போய், முந்திய வருஷம் எரிந்த நகரத்திலே 'கண்ணியச் சுவர்' எழுதினார்கள். பாஸ்டனில் கறுப்பு ஓவியர்கள் சுவர்களை எடுத்துக்கொண்டார்கள். 1970-இல் வாக்கரும் ஜான் வெபர் என்ற வெள்ளை ஓவியரும் சிகாகோவில் ஒரு சுவர்ச் சித்திரக் குழுவைத் தொடங்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1976-இல் ஜூடி பாக்கா என்ற மெக்ஸிக வம்சத்துப் பெண்மணி, வெள்ளக் கால்வாயின் காங்கிரீட்டுச் சுவரில் நூற்றுக்கணக்கான வாலிபர்களைச் சேர்த்துக்கொண்டு, பாடப் புத்தகம் விட்டுப்போன ஜனங்களின் சரித்திரத்தை எழுதத் தொடங்கினார். அது ஏறக்குறைய அரை மைல் நீளம் போயிற்று.  சுவரில் கைவைப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்துப் பேசி, வரைபடத்தைக் காட்டி, ஆட்சேபம் கேட்டுக்கொள்வது இந்தத் தொழிலில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

2020-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர், ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார். சில நாட்களுக்குள், அவர் வீழ்ந்த இடத்துக்கு அருகேயிருந்த கடையின் பக்கச் சுவரிலே அவருடைய முகம் எழுந்தது. அடுத்த மாதம் வாஷிங்டன் நகரத்தில், ஜனாதிபதி மாளிகைக்குப் போகும் வீதியில், கறுப்பு உயிர்களுக்கும் மதிப்புண்டு என்று மேயரின் உத்தரவிலேயே மஞ்சள் வர்ணத்தில் எழுதினார்கள். 2025 மார்ச்சில் அந்த எழுத்துக்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். மத்திய அரசின் பணம் நின்றுவிடுமே என்ற நெருக்கடியில், எழுதச் சொன்ன மேயரே பெயர்க்கவும் சம்மதிக்கவேண்டி வந்தது. சர்க்கார் உத்தரவில் எழுந்த எழுத்தைச் சர்க்கார் உத்தரவு எடுத்துவிட்டது. தீயில் போன சுவரை நினைத்து வராத வருத்தம் இதை நினைத்து எனக்கு வருகிறது.

சுவரில் சித்திரம் எழுதினால் அநீதி போய்விடுமா என்று நீங்கள் கேட்கலாம். போகாது. மரியாதைச் சுவர் எழுந்த எட்டே மாதத்தில், 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி, கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சிகாகோவின் மேற்குப் பகுதி பற்றி எரிந்தது. 43-ஆம் தெருவில் வாடகையும் குறையவில்லை, பள்ளிக்கூடமும் உயரவில்லை. வர்ண டப்பாவால் ஆகிற காரியத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது.

மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து, ஒரு நாளும் திருப்பி வாங்காத ஜனங்கள் என்ன செய்வார்கள்? சிலர் கல்லை எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 43-ஆம் தெருக்காரர்கள் தங்கள் மரியாதையைத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள். அந்த மரியாதையை எதிர்வீட்டுக்காரனோ, மேயரோ, பொருட்காட்சி நிர்வாகியோ கையெழுத்துப் போட்டுத் தரவேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்க்கும்போது என் கண் சித்திரங்களில் நிலைப்பதில்லை. சுவருக்குக் கீழே நிற்கிற மனிதர்களிடம் போய்விடுகிறது. சாதாரண உடுப்பு, சாதாரண முகங்கள். பின்னால் பாழடைந்த தெரு. அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் கையும் கட்டியிருக்கவில்லை.